எப்போதாவது எடுக்கும் காரில் டேஷ்கேம்: பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

மாதத்தில் இரண்டு மூன்று முறை மட்டுமே வெளியே எடுக்கப்படும் காரில் டேஷ்கேம் (முன் கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா) பொருத்தியவர்களில் பலர், ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற ஓசையை மட்டும் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். என் காரிலும் அது நடந்தது. அம்மாவை எழும்பூரில் ரயில் ஏற்றிவிடுவதற்காக அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம், செல்ஃப் எடுக்கவில்லை. அதன் பிறகு எங்கள் அடுக்ககத்தில் இன்னும் சில கார்களுக்கு இந்த வேலையை உடனிருந்து செய்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே தவறுதான்: கேமராவை முதலில் மாட்டியிருந்தார்கள், பேட்டரியை ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை.

கீழே உள்ளவை 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பொருந்தும். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது.

1. கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கு

சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியரை ஏறக்குறைய 35 மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு. செல்ஃப் மோட்டாருக்குச் சில நொடிகள் பெரிய மின்னோட்டத்தைக் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்ட இவ்வகை பேட்டரி, அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கினால் சீக்கிரமே கெட்டுவிடும். ஆகவே நாம் செலவழிக்கக்கூடியது அதிகபட்சம் 17 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வதே சரி.

சாவியை எடுத்துவிட்டுப் பூட்டிய பிறகும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், காரின் கணினிகள் ஆகியவை சேர்ந்து கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள கார்களில் இது பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர். 30 என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 14 நாட்களுக்கு ஏறக்குறைய 10. அதாவது கேமராவே இல்லாத கார் இரண்டு வாரம் நின்றாலே, செலவழிக்கக்கூடிய 17-இல் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பேட்டரி தனக்குள்ளேயே இழப்பது இதில் சேரவில்லை. சூடு ஏற ஏற அந்த இழப்பும் வேகமெடுக்கும் என்பதால் சித்திரை, வைகாசி மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

இப்போது கேமராவைச் சேர்த்துப் பாருங்கள். 3 வாட் எடுக்கும் ஒரு சாதாரண கேமரா 12 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. கார் தன் பங்குக்கு எடுப்பதையும் சேர்த்தால், மூன்றாம் நாள் முடிவதற்குள் 17 ஆம்பியர்-மணியும் தீர்ந்துவிடும். தினமும் அலுவலகம் போய்வரும் காரில் இந்த இழப்பை ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) அன்றன்றே ஈடுசெய்துவிடும். நம் காரில் ஈடுசெய்ய யாரும் இல்லை. டேஷ்கேம் பெட்டிக்குள் வரும் குறிப்புகள் தினமும் ஓடும் காரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்பதை இந்த வழிகாட்டி முழுவதும் நினைவில் வைத்திருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும், ஆனால் அதில் 10 ஆம்பியர் வரை டிசி மின்னோட்டம் அளக்கும் தனித் துளை இருக்க வேண்டும். வீட்டு மின்வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல, ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. காரில் ஓடுவது டிசி என்பதால் அவை பூஜ்யத்தையே காட்டும். அதைப் பார்த்து 'மின்சாரக் கசிவே இல்லை' என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அத்துடன் முதலை வாய் கிளிப் இரண்டு, 10-ஆம் எண் ஸ்பேனர், உங்கள் காரின் ஃப்யூஸ் அளவுக்குப் பொருந்தும் ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் செருகிப் புதிய வயருக்கு மின்சாரம் பிரித்தெடுக்கும் சிறு இணைப்பி), 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ்கள், வயரைக் கட்டுவதற்குத் துணி டேப், காரின் உரிமையாளர் கையேடு ஆகியவை வேண்டும். ஃப்யூஸ் டேப்பை வாங்கும் முன் காரில் இருந்து ஒரு ஃப்யூஸைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மினி, லோ-புரொஃபைல் மினி, மைக்ரோ என்று பல அளவுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொருந்தாததை அழுத்தி நுழைத்தால் ஃப்யூஸ் பாக்ஸின் உள்ளே உள்ள பிடிகள் விரிந்துவிடும், அதன் பிறகு அசல் ஃப்யூஸும் அங்கே இறுகி உட்காராது.

ஒரு நாள் மாலையும் மறுநாள் காலையும் உங்களுக்குத் தேவைப்படும். அவசரத்தில் செய்தால் அளவுகள் பொய் சொல்லும்.

3. பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிதல்

முந்தைய நாள் மாலை காரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கேமராவின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பானெட்டைத் திறந்துவைத்துக் காரைப் பூட்டிவிட்டு, மறுநாள் காலை எந்தக் கதவையும் திறக்காமல் பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்துப் படியுங்கள். பானெட்டுக்கு அடியில் விளக்கு உள்ள காராக இருந்தால் மட்டும் அந்தப் பல்பைக் கழற்றி வையுங்கள்.

ஓர் இரவு காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடி நின்றவுடன் பேட்டரி 13 வோல்ட்டுக்கு அருகில் காட்டும். அது தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஏறியிருக்கும் மின்னூட்டம். சில மணி நேரத்தில் அது அடங்கிய பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி, 12.0 கால் பங்கு. ஒரு மணி நேரம் ஓட்டியும் காலையில் 12.4-க்குக் கீழே இருந்தால் இங்கேயே நின்று, 10-ஆம் பகுதியில் சொல்லியிருப்பதுபோல் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு, மறுபடி ஓர் இரவு விட்டு அளந்துபாருங்கள்.

வோல்டேஜ் நன்றாக இருந்தாலும் பேட்டரி உள்ளுக்குள் தளர்ந்திருக்கலாம். மல்டிமீட்டரை முனைகளில் வைத்திருக்கும்போதே வேறொருவரை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுழலும் அந்த ஓரிரு நொடிகளில் வோல்டேஜ் 10-க்குக் கீழே போனால், அதுவும் பேட்டரி மூன்று நான்கு ஆண்டு பழையதாக இருந்தால், கடையில் லோடு டெஸ்ட் (பெரிய மின்னோட்டத்தை இழுத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். சாகும் தறுவாயில் உள்ள பேட்டரியை எந்த வயரிங்கும் காப்பாற்றாது. இன்ஜின் ஓடத் தொடங்கிய பின் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

4. கேமரா இல்லாமல் காரின் மின்சாரக் கசிவை அளத்தல்

பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி இது. இதைச் செய்யாவிட்டால், பிறகு பேட்டரி இறங்கும்போது குற்றம் கேமராவுடையதா காருடையதா என்று சொல்லவே முடியாது.

கேமராவைக் கழற்றிவிட்டு, சாவியை எடுத்து, பானெட்டை மட்டும் திறந்துவைத்துக் காரைப் பூட்டுங்கள். பட்டன் ஸ்டார்ட் வகைச் சாவியாக இருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சாவி அருகில் இருந்தால் கார் உறங்காது.

மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிச் சுழலும் குமிழையும் 10 ஆம்பியர் டிசிக்குத் திருப்புங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைத் தளர்த்துங்கள், ஆனால் இன்னும் கழற்ற வேண்டாம். கறுப்பு வயரை நெகட்டிவ் முனையின் ஈயத் தண்டிலும், சிவப்பு வயரை நெகட்டிவ் கேபிளிலும் முதலை வாய் கிளிப்பால் பிடித்துவிட்டு, அதன் பிறகே கிளாம்பை மெல்லத் தூக்குங்கள். இப்படிச் செய்தால் மின்னிணைப்பு ஒரு கணமும் அறுபடாது. அறுபட்டால் காரின் கணினிகள் எல்லாம் விழித்துக்கொண்டு, முதலில் இருந்து காத்திருக்க வேண்டி வரும்.

இப்போது தொடாமல் காத்திருங்கள். தொடக்கத்தில் மீட்டர் சில நூறு மில்லி ஆம்பியர்களைக் காட்டலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். கார் முழுமையாக உறங்குவதற்கு 10 நிமிடம் முதல் 40 நிமிடம் வரை ஆகும். எண் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிலைத்தபின் எழுதிக்கொள்ளுங்கள். 0.03 என்றால் 30 மில்லி ஆம்பியர். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்புவதோ, ஸ்டார்ட் செய்வதோ, கதவைத் திறப்பதோ கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மீட்டருக்குள் பாய்ந்தால் மீட்டர் அந்த இடத்திலேயே எரிந்துவிடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அதே துளையில் வைத்தபடி பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் நேரடி ஷார்ட் ஆகிவிடும்.

50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நிலைத்தால் கார் நலம். அதைவிட மிக அதிகமாக இருந்தால், பிறகு பொருத்தியவற்றைச் சந்தேகியுங்கள்: ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி விளக்கு. ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட எளிய வழி, மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பார்ப்பது. மின்னோட்டம் ஓடும் ஃப்யூஸில் பூஜ்யம் அல்லாத ஓர் எண் தெரியும். ஃப்யூஸைப் பிடுங்காததால் கார் விழிப்பதில்லை.

எங்கள் கீழ்த்தள வீட்டுப் பெரியவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைக் காட்டி, "தம்பி, இதுதான் ராத்திரி பூரா கரன்ட்டை இழுக்குதோ?" என்று உண்மையான கவலையுடன் கேட்டார். ஃபாஸ்டேக்கில் பேட்டரியும் இல்லை, காரோடு மின்னிணைப்பும் இல்லை. சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே அது தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்கிறது. அவருடைய காரில் மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருந்தது, முந்தைய உரிமையாளர் ஸ்டீரியோவுக்குப் பின்னால் பொருத்திவிட்டு மறந்துபோன ஒரு டிராக்கர்.

5. கேமராவுக்கு இப்போது மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால், சாவியை எடுத்தபின் அந்த சாக்கெட் சாகிறதா என்று பாருங்கள். சில கார்களில் உடனே சாகும், சிலவற்றில் கதவு திறந்து மூடியபின் சாகும், சிலவற்றில் எப்போதும் உயிரோடு இருக்கும். டிக்கியில் உள்ள சாக்கெட்டுகள் பெரும்பாலும் கடைசி வகையாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். காரைப் பூட்டி முக்கால் மணி நேரம் கழித்து, இருட்டில் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். சார்ஜரின் சிறு நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சாக்கெட் உயிரோடு இருக்கிறது. கேமரா அணைந்திருந்தாலும் அந்த சார்ஜர் தனியாகவும் சிறிதளவு எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (சர்வீஸில் காரின் கோளாறுகளைப் படிக்கக் கருவியைச் செருகும் இடம்) செருகும் கேபிளை இவ்வகைக் கார்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்தத் துளையின் 16-ஆவது முனையில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருக்கிறது. செருகினால் போதும் என்ற எளிமைக்காக வாங்கிவிட்டு, இரண்டு வாரம் நிற்கும் காரில் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி ஹார்டுவயர் கிட், அதாவது கேமராவை நேராக ஃப்யூஸ் பாக்ஸோடு இணைக்கும் வயர்த் தொகுப்பு. அதில் மூன்று வயர்கள் வரும். பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள ஃப்யூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி ஃப்யூஸுக்கு, கறுப்பு பாடி எர்த்துக்கு (காரின் உலோக உடலுக்கு). நிறத்தை நம்பாமல் கிட்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சில கிட்களில் நிறங்கள் மாறியிருக்கும்.

என் காரில் கேமரா பொருத்திக்கொடுத்த கடையில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒரே ஃப்யூஸில் கொடுத்திருந்தார்கள். கார் நின்றுவிட்டது என்பதையே அறிய வழியில்லாத கேமரா, இரவும் பகலும் முழு வேகத்தில் பதிவு செய்துகொண்டே இருந்தது. மிக அதிகமாகக் காணப்படும் தவறு இதுதான். நீங்களே மாட்டாத கேமராவாக இருந்தால் முதலில் இதைத் திறந்து பாருங்கள்.

6. பார்க்கிங் மோட் வேண்டுமா என்று முடிவு செய்தல்

பார்க்கிங் மோட் என்பது கார் நிற்கும்போதும் கேமரா பதிவு செய்யும் முறை. வயரிங் எப்படி அமையும் என்பதை இந்த முடிவே தீர்மானிப்பதால், ஃப்யூஸ் பாக்ஸைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

பத்து நாள், பதினைந்து நாள் நிற்கும் காரில் தொடர்ந்து பதிவு செய்யும் பார்க்கிங் மோட் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. பேட்டரியை ஒதுக்கிவைத்துவிட்டு, மெமரி கார்டை மட்டும் எண்ணிப் பாருங்கள். முழு எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 6 ஜிபி. 64 ஜிபி கார்டில் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; அதன்பின் பழையதை அழித்துப் புதியதை எழுதும். திங்கட்கிழமை ஒருவர் உங்கள் பம்பரை இடித்துவிட்டுப் போயிருந்தால், சனிக்கிழமை நீங்கள் காரைப் பார்க்கும்போது அந்தக் காட்சி கார்டில் இருக்காது. பேட்டரியை இழந்து எதையும் பெறாத ஏற்பாடு அது.

அதிர்வு ஏற்பட்டால் மட்டும் விழித்துப் பதியும் முறையில் கார்டு நிறைவதில்லை. ஆனால் கேமரா உறங்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்பது மாடலுக்கு மாடல் பெரிதும் வேறுபடும். 9-ஆம் பகுதியில் சொல்லும் முறையில் அளந்து பார்க்காமல், பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி இதை இயக்கிவைக்க வேண்டாம்.

அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் சிசிடிவி இருக்குமானால், உங்கள் கார் நிற்கும் இடம் அதில் தெரிகிறதா என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். தெருவில் நிறுத்தும் கார் என்றால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் தனி டேஷ்கேம் பேட்டரி விற்கிறார்கள். ஓடும்போது சார்ஜ் ஏறி, நிற்கும்போது கேமராவுக்கு மட்டும் கொடுக்கும். ஓரிரு நாளில் அது தீர்ந்துவிடும் என்றாலும் காரின் பேட்டரியைத் தொடாது. செல்போன் பவர்பேங்கை அதற்குப் பதிலாகக் காருக்குள் வைக்க வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள், அதிலும் டேஷ்போர்டின் மேல், 60 பாகைக்கு மேல் ஏறும். அந்தச் சூட்டில் அவை உப்பவும் தீப்பிடிக்கவும் கூடும். இதே காரணத்தால்தான் கேமரா வாங்கும்போதும் உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல், சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

7. சரியான ஃப்யூஸில் இணைத்தல்

பார்க்கிங் மோட் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், பல கிட்களில் மஞ்சள், சிவப்பு இரண்டையும் சேர்த்து ஏசிசி ஃப்யூஸிலேயே கொடுத்துவிடலாம். கிட்டின் குறிப்பு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்ததும் கேமரா, கிட் இரண்டும் முழுமையாக மின்சாரம் இழக்கும். 5-ஆம் பகுதியில் கண்ட தவறும் இதுவும் பார்வைக்கு ஒன்றே. ஃப்யூஸ் மட்டும் வேறு.

ஏசிசி ஃப்யூஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் முழுவதும் வேண்டும். சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம் என்று சோதித்துவிட்டு உடனே மாட்டிவிடாதீர்கள். இன்றைய கார்களில் சில ஃப்யூஸ்கள் சாவி எடுத்தபின்னும் அரை மணி நேரம் உயிரோடு இருக்கும். வேறு சில, கதவைத் திறக்கும்போதெல்லாம் விழிக்கும். காரைப் பூட்டி 40 நிமிடம் கழித்தும் அந்த ஃப்யூஸில் பூஜ்யம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃப்யூஸ் பாக்ஸ் காருக்குள் இருந்தால், ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிவிட்டால், கதவு மூடியிருப்பதாகவே கார் எண்ணிக்கொள்ளும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

சிகரெட் லைட்டர், பின் வைப்பர் போன்ற சாதாரண ஃப்யூஸ்களில் மட்டும் எடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீரிங், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸ்களைத் தொடவே கூடாது. அவற்றின் பெயர்கள் கையேட்டில் இருக்கும்.

ஃப்யூஸ் டேப்பில் இரண்டு ஃப்யூஸ் இடங்கள் உண்டு: ஒன்று அசல் ஃப்யூஸுக்கு, மற்றொன்று கேமராவுக்கு. டேப்பை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. அசல் ஃப்யூஸை வைக்காமல் கேமராவுக்கான ஃப்யூஸை மட்டும் டேப்பில் வைத்துச் செருகிச் சாவியைப் போடுங்கள். டேப்பின் வயரில் 12 வோல்ட் வந்தால் திசை சரி. வரவில்லை என்றால் திருப்பிச் செருகுங்கள். தவறான திசையிலும் அசல் ஃப்யூஸை வைத்தால் கேமரா இயங்கிவிடும் என்பதால் தவறு வெளியே தெரியாது. ஆனால் அப்போது கேமராவின் மின்னோட்டமும் அசல் ஃப்யூஸ் வழியாகவே போகும். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். 10 ஆம்பியர் போட்டால், ஏதாவது ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் எரிவதற்கு முன்பே மெல்லிய வயர் உருகிவிடும்.

கறுப்பு வயரைப் பெயின்ட் இல்லாத, காரின் பாடியோடு நேராக இறுகியிருக்கும் ஒரு போல்ட்டின் அடியில் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. சிக்னலில் தானாக அணைந்து மறுபடி ஓடும் வசதி உள்ள கார்களில் அந்த முனையில் ஒரு சென்சார் இருக்கும். அதைத் தாண்டிப் போகும் மின்னோட்டம் அதன் கணக்கில் வராது.

முன் கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் வயரைக் கொண்டுவரும்போது, கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளின் மேலிருந்து விரியும் காற்றுப் பை) உள்ள கார்களில் வயர் அந்த ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. விபத்தில் அது விரியும் பாதையில் வயர் குறுக்கே நிற்கக் கூடாது. மஞ்சள் நிற கனெக்டர்களைக் கண்டால் தொடாதீர்கள், அவை ஏர்பேக்குடையவை. இந்தத் தூண் மூடியைக் கழற்றத் தயக்கம் இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

8. கட்-ஆஃப் வோல்டேஜ்: பார்க்கிங் மோட் வைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும்

கிட்டில் 11.6, 11.8, 12.0, 12.2, 12.4 போன்ற தேர்வுகள் இருக்கும். பேட்டரி அந்த அளவுக்கு இறங்கியதும் கேமராவின் மின்சாரத்தை நிறுத்திவிடும். கடையில் இருந்து வரும்போது பெரும்பாலும் மிகக் குறைந்த அளவில்தான் வைத்திருப்பார்கள். மெதுவாக இறங்கும் பேட்டரியில் 11.8 என்பது ஏறக்குறைய காலி. நம் காருக்கு 12.4-ஐத் தேர்ந்தெடுங்கள், 12.2-க்குக் கீழே போகவே வேண்டாம்.

கட்-ஆஃப் இருப்பதால் பேட்டரி பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவதுதான் இங்கே பெரிய ஏமாற்றம். கேமரா நின்ற பிறகும் காரின் சொந்தச் செலவு தொடர்கிறது. கிட்டும் விழித்திருக்கச் சில மில்லி ஆம்பியர் எடுக்கும். 12.0-இல் நிறுத்தினால் கால் பங்கு மின்சாரத்தோடு அடுத்த பத்து நாளைத் தொடங்குகிறீர்கள். குறைந்த மின்னூட்டத்தில் நிற்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிக்கொண்டே போகும். அப்படிக் கெட்டியானதை எந்த சார்ஜராலும் முழுதாகக் கரைக்க முடியாது. ஸ்டார்ட் ஆகிறதே என்று விட்டுவிடுகிறோம். பேட்டரியின் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

நேர வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் 6 மணி நேரம் போன்ற சிறிய அளவில் வையுங்கள். கட்-ஆஃப் உண்மையில் எப்போது வேலை செய்கிறது என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: கிட் காட்டும் அல்லது நிறுத்தும் வோல்டேஜையும் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிட்டால், மெல்லிய வயரில் ஏற்படும் இழப்பால் சிறு வேறுபாடு இருக்கும்.

9. மாட்டிய பிறகு மறுபடி அளத்தல்

4-ஆம் பகுதியில் செய்ததை அப்படியே, கேமராவும் கிட்டும் இணைந்த நிலையில் மறுபடி செய்யுங்கள். ஏசிசி ஃப்யூஸில் மட்டும் கொடுத்திருந்தால் முந்தைய எண்ணே வர வேண்டும். 30 இருந்த இடத்தில் 280 வந்தால் ஃப்யூஸ் தவறு. 45 வந்தால் கேமரா அணைந்திருக்கிறது, கிட் விழித்திருக்கிறது. மஞ்சள் வயர் இன்னும் எங்கோ நேரடி மின்சாரத்தில் இருக்கிறது.

கிடைத்த எண்ணை மில்லி ஆம்பியரில் எடுத்து 0.024-ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு ஆம்பியர்-மணியில் கிடைக்கும். உங்கள் பேட்டரியின் பாதிக் கொள்ளளவை அந்த எண்ணால் வகுத்தால், கார் எத்தனை நாள் நிற்கலாம் என்று தெரிந்துவிடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி, 30 மில்லி ஆம்பியர் என்றால் 24 நாள். பேட்டரி நிறைந்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு. நான் இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு 16 நாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

10. நிற்கும் நாட்களுக்கான ஏற்பாடு

உங்கள் கணக்கில் வரும் நாட்களைவிடக் கார் கூடுதலாக நிற்கப்போகிறது என்றால் மூன்று வழிகள் உண்டு.

நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் ஸ்மார்ட் சார்ஜரே எல்லாவற்றிலும் சிறந்தது. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3 முதல் 5 ஆம்பியர் சார்ஜர் போதும். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொண்டு பராமரிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பாசிட்டிவ் கிளிப்பை முதலில் மாட்டி, நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் இருந்து சற்றுத் தள்ளி பாடியில் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பேட்டரிக்கு அருகில் தீப்பொறி எழக் கூடாது. இடத்தில் காற்றோட்டமும் வேண்டும்.

பிளக் பாயின்ட் இல்லை, கார் திறந்த வெளியில் நிற்கிறது என்றால், சார்ஜ் கன்ட்ரோலருடன் கூடிய 10 வாட் சோலார் பேனல் காரின் சொந்தச் செலவை ஈடுகட்டும். நல்ல வெயில் நான்கு மணி நேரம் இருந்தால் 2 ஆம்பியர்-மணிக்கு மேல் கிடைக்கும். 30 மில்லி ஆம்பியர் காருக்கு ஒரு நாள் தேவை 0.72தான். சாவி எடுத்தால் சாகும் சாக்கெட்டில் இந்தப் பேனலைச் செருகினால் ஒன்றுமே ஏறாது. நேராகப் பேட்டரி முனைகளுக்கு, ஃப்யூஸுடன் கொடுக்க வேண்டும்.

இரண்டும் முடியாதவர்கள் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிடலாம். எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவைத் தளர்த்தும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியைத் தொட்டால் பெரும் பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. கழற்றியபின் ரிமோட் வேலை செய்யாது, அலாரமும் இருக்காது. கதவுகளைச் சாவியால் பூட்டுங்கள். மறுபடி மாட்டும்போது கடிகாரமும் சில கார்களில் பவர் விண்டோவும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். டேஷ்கேமின் தேதியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2018-ஆம் ஆண்டு என்று காட்டும் காட்சிப் பதிவு காப்பீட்டுக்கோ காவல்துறைக்கோ கொடுக்கும்போது வீண் கேள்விகளை எழுப்பும்.

வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதில் பேட்டரிக்கு ஏறுவது மிகக் குறைவு. லெட்-ஆசிட் பேட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறையவே பல மணி நேரம் ஆகும். மூடிய கீழ்த்தளத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்வது அதைவிடப் பெரிய ஆபத்து. ஓட்டுவதாக இருந்தால் முக்கால் மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

11. பேட்டரி ஏற்கெனவே இறங்கிவிட்டால்

ஜம்ப் ஸ்டார்ட் செய்து (வேறொரு பேட்டரியைக் கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்து) ஓட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிட வேண்டாம். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை ஒரு மணி நேரப் பயணம் நிரப்பாது. கழற்றிப் பேட்டரி கடையில் கொடுத்து, ஓர் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். திரும்ப வாங்கியபின் 12 மணி நேரம் எதிலும் இணைக்காமல் வைத்து அளங்கள். 12.6-இல் நின்றால் காரில் மாட்டி 4-ஆம் பகுதியில் இருந்து தொடங்கலாம். 12.3-க்கு இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரிக்காக இனி நேரம் செலவிட வேண்டாம்.

அளந்த எண்களையெல்லாம் தேதியுடன் ஒரு சிறு தாளில் எழுதி, ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். எந்த எண் உள்ள ஃப்யூஸில் கேமரா இருக்கிறது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். அடுத்த முறை சர்வீஸில் யாராவது ஃப்யூஸை மாற்றினாலும், ஆறு மாதம் கழித்து நீங்களே மறுபடி அளந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் கையருகே இருக்கும்.